ஓட்டின் மேல் ஓலை

அத்தியாயம் பதினான்கு

பெண்டாட்டி சாரா வைத்த கேழ்வரகுக் கூழ் ஆறி ஆடை கட்டிவிட்டது. தேவானந்தம் அதில் விரலை விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான்.

“இன்னாங்க, கூழுக்கு ஆழம் பாக்குறீங்களா? அளக்குற வேலைய ஆபீசோட வெச்சிக்கக் கூடாதா?”

சாரா சிரித்தாள். ஆறு நாளாக அந்த வீட்டில் சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

ஆறு நாளைக்கு முன்னால் நடந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவான்?

செங்கரைப்பேட்டை முனிசிபாலிட்டிக்கு ரோடு வேண்டும். தோல் பதனிடுகிற ஷாப்புகளிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ஒன்றரை மைல். ஒரு மழை பெய்தால் வண்டி மாடு வயிறு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடுகிறது. பாலாற்றில் கிணறு வெட்டிக் குழாய் போட வேண்டும். விளக்குக் கம்பம் நட வேண்டும். இத்தனைக்கும் பணம் எங்கே என்று கவுன்சிலர்கள் ஒரு மத்தியானம் முழுக்க வெற்றிலை மென்றார்கள்.

ஸ்டேஷனில் ஏறுகிற தோல் கட்டு ஒன்றுக்கு அரையணா போடலாம் என்றார் ஒரு வக்கீல். ஷாப்பு வைத்திருக்கிற மூன்று கவுன்சிலர்களும் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். தோலுக்கு வரி போட்டால் தோல் ஆம்பூருக்கும் மேல்விஷாரத்துக்கும் போய்விடும், அப்புறம் உங்கள் ரோட்டில் ஆடுதான் மேய்க்கலாம் என்றார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சுங்கச்சாவடியில் வண்டிக்கு ஓரணா ஏற்றலாம் என்றார் இன்னொருவர். ஏற்றினால் வண்டிக்காரன் ஆற்று மணலில் இறங்கிச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போவான் என்று அதுவும் படுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது வீட்டு வரி. ஓட்டு வீட்டுக்கு வரி, ஓலை வீட்டுக்கு இல்லை என்பது அந்த ஊர்க் கணக்கு. ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான், சுவரோரம் காகிதக் கட்டை அணைத்தபடி நின்றிருந்த தேவானந்தத்தின் வாய் திறந்தது.

“தொட்டித் தெருவுல அறுவது வீட்டுக்கு மேல ஓட்டு வீடுங்க சார். ஓட்டுக்கு மேல ஓலை போட்டு மறைச்சி வெச்சிருக்காங்க.”

அது அவன் பிறந்த தெரு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தெருவே பற்றி எரிந்தபோது மிஷன் துரைசாணி கடனுக்கு ஓடு வாங்கிக் கொடுத்தாள். வீட்டை அளக்க ஆள் வருகிறான் என்று தெரிந்தால் போதும், தெரு மொத்தமும் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டின் மேல் பனையோலை பரப்பிவிடும். கேட்டால் வெயிலுக்கு. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆனால் எந்த இன்ஸ்பெக்டரும் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்று, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கூரைகளை எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். தெருவைத் தீண்டாதவன் கண்ணுக்கு ஓலை போதும்.

சேர்மன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டி, “உக்காருப்பா, விவரமாச் சொல்லு” என்றார்.

மூன்று வருஷமாக அவன் டெம்பரரி பில் கலெக்டர். அந்த அறையில் அவனை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

“கேட்டீங்களா,” என்றாள் சாரா. “நம்ப ரங்கம்மாவ தெருவுல தள்ளி வெச்சிட்டாங்களாம்.”

தேவானந்தத்தின் விரல் கூழிலேயே நின்றது.

“எந்த ரங்கம்மா?”

“நல்லா கேட்டீங்க. தொட்டித் தெருவுல எத்தினி ரங்கம்மா இருக்குது? ஓலைக்காரிதான். ஆபீசுக்குப் பந்தல் போட அதுதான ஓலை கொண்டாந்துது? அங்க வந்த எடத்துல ஓலைய பத்தி ஒளறிட்டுதுன்னு பேச்சு. ஓலைய பிரிக்கச் சொல்லி தண்டோரா போட்ட அன்னிக்கே கெணத்துல தண்ணி மொள்ளக் கூடாதுன்னுட்டாங்க. விக்க வெச்சிருந்த ஓலைய மொத்தமா கொளுத்திட்டாங்க.” சாரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “புருஷன் இல்ல, புள்ள இல்ல. அது அப்பிடி செஞ்சிருக்கும்னு எனக்குத் தோணல. நீங்க ஆபீஸ்ல இருக்கறவரு. யாரு சொன்னதுன்னு வெசாரிச்சி ஒரு வார்த்த சொன்னா, அந்தப் பொம்பளைக்கு விடிவு காலமாச்சே?”

“பாக்கறேன்,” என்றான்.

கையைக் கழுவினான். கூழ் அப்படியே இருந்தது.

*

தொட்டித் தெரு வருவதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிடும். சுண்ணாம்பும் ஊறின தோலும் ஆவாரம் பட்டையும் கலந்த வாசனை. பிறந்ததிலிருந்து அதில் வளர்ந்தவனுக்கு அது வாசனையே இல்லை. ஆனால் அன்றைக்குத் தேவானந்தத்தின் கை தானாக மூக்குக்குப் போனது. பாதி வழியில் அதைப் பார்த்துக் கீழே இறக்கினான்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலாயுதம் வழக்கமான புளியமரத்தடியில் குடையை ஊன்றி நின்றுகொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. சிரித்த முகம்.

“நீ உள்ள போய் அளந்து எழுதிக்கினு வா தம்பி. நமக்கு இந்த நாத்தம் ஒத்துக்காது. உனக்குப் பழக்கம்தானே.”

சாக்கடைப் பலகையைத் தாண்டினான். அறுபத்துச் சொச்சம் வீடுகளும் தலையில் துணி இல்லாத பெண்பிள்ளைகள் மாதிரி ஓடு தெரிய நின்றன. தண்டோரா போட்டபின் மறைத்தால் அபராதம் என்று தெருவே ஓலையைப் பிரித்துப் போட்டுவிட்டது.

“ஏய், கலெக்டர் வந்துட்டாருடி! சேர் எடுத்துப் போடு!”

“சேரு இல்ல, ஒரலு இருக்குது. உக்காருவாரா கேளு.”

பெண்கள் சிரித்தார்கள். அவன் காது மடல் எரிந்தது. அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை என்பதுதான் அவனை இன்னும் வதைத்தது. ‘நம்ப பையன்’ என்கிற சிரிப்பு அது.

அவனுடைய அக்கா ஜெயபுஷ்பம் முதல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். ஷாப்பில் ஆவாரம் பட்டை இடிக்கிற வேலை. முழங்கை வரைக்கும் கை செம்மண் நிறம். எத்தனை தேய்த்தாலும் போகாது. அப்பா போன பிறகு அந்தக் கைதான் அவனை எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தது.

“இன்னாடா தேவா, கண்ணு உள்ள போயிடுச்சி? சாரா சோறு போடறாளா இல்லியா?”

“போடறாக்கா.”

“மாமன கூப்புடு. டேப்ப புடிக்க ஆள் வேணுமில்ல?”

அக்கா புருஷன் தானியேல் உள்ளேயிருந்து வந்தான். சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டுகிற ஆள். பேச்சு கம்மி. அளவு நாடாவின் ஒரு முனையை, வெடித்துப்போன வெள்ளை விரல்களால், கிழிந்துவிடுமோ என்பது போல மெல்லப் பிடித்துக்கொண்டான்.

அந்த வீட்டுச் சுவரிலேயே முதலில் நாடாவை வைத்தார்கள்.

“தேவா,” என்றாள் ஜெயபுஷ்பம். கூடவே பத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். “வரி கட்ட மாட்டோம்னு நாங்க சொல்லல. ஒன்னே ஒன்னு சொல்லு. இந்தத் துட்டுல போடற ரோடு எங்க போகுது?”

“ஸ்டேஷனுக்கு.”

“எங்கேந்து?”

“ஷாப்புலேந்து.”

“அப்ப தோலு போவறதுக்கு ரோடு. எங்களுக்கு ஸ்டேஷன்ல இன்னா வேல? மெட்ராசுக்கு போயி பீச்சு பாக்கப் போறோமா?”

பின்னாலிருந்து ஒரு குரல்: “அந்தத் தோல்மேலயே வரியப் போடச் சொல்லுப்பா. அதுதான நடக்குது ரோட்டுல?”

இதையேதான் அந்த வக்கீல் சொன்னார். படிக்காத இவர்கள் கேட்ட கேள்விக்குப் படித்த கவுன்சிலர்களிடம் பதில் இருந்ததா? இல்லை. தோல் ஆம்பூருக்குப் போய்விடும் என்று மிரட்டினார்கள், அவ்வளவுதான்.

“கொழா வரும்க்கா,” என்றான் தேவானந்தம்.

“இந்தத் தெருவுக்கா?”

அவனுக்குத் தெரியும். குழாய்ப் படத்தில் நீலக் கோடு பெரிய கடைத்தெருவோடு நின்றுவிடுகிறது. படத்தைச் சுருட்டிக் கட்டி வைத்தவன் அவன்தான்.

“வரும்,” என்றான்.

ஜெயபுஷ்பம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு வேறு பேச்செடுத்தாள்.

“சரி வுடு. கட்டித் தொலைக்கறோம். எங்க வயித்தெரிச்சல் வரி இல்லடா. உள்ள இருந்துக்கினே ஒருத்தி காட்டிக் குடுத்தாளே, அதான். பதினஞ்சி வருஷம். ஒரு சின்னப் புள்ள கூட வாய் தொறக்கல. காசுக்கு ஆசப்பட்டு அந்த ரங்கம்மா...” அவள் துப்பினாள். “நீ ஆபீஸ்ல இருக்கிறவன். உனக்குத் தெரியாம இருக்காது. அவதானே சொன்னா?”

தெரு மொத்தமும் அவன் வாயைப் பார்த்தது.

இதோ, இப்போது சொல்லிவிடலாம். ரெண்டே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நின்ற அக்காவின் செம்மண் கையைப் பார்த்தான். நாக்கு புரண்டு படுத்துக்கொண்டது.

“ரங்கம்மா சொல்லல,” என்றான். “சத்தியமா அது சொல்லல. யாருமே சொல்லல. மாசி மாசக் காத்துல இந்தக் கடைசி வீட்டு ஓலை சரிஞ்சி ஓடு தெரிஞ்சிருக்குது. ரயில்ல போன பெரிய ஆபீசரு ஒருத்தரு ஜன்னல் வழியா பாத்துட்டு எழுதிப் போட்டுட்டாரு.”

பொய் அழகாக வந்தது. ரயில் பாதை அங்கே உசரமாகத்தான் போகிறது. மாசியில் காற்றும் அடித்தது. ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆமாண்டி, ரயில்லேந்து பாத்தா நம்ப கூரைதான் மொதல்ல தெரியும்.”

“அய்யோ பாவமே! அந்தப் பொம்பளைய இன்னா பேச்சு பேசிட்டோம்!”

“நான் அப்பவே சொன்னேன், அது வாய் செத்ததுன்னு.”

“நீ எப்படி சொன்னே? மொத கல்லு நீதான போட்டே!”

ஜெயபுஷ்பம் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தாண்டா வத்திக்குச்சி கிழிச்சேன்,” என்றாள். “அது கால்ல விழுந்துது. ‘நான் சொல்லல பாப்பா, என் கையில வெட்டின ஓலைம்மா, கொளுத்தாத’ன்னு என் கையப் புடிச்சிக்கிச்சி. நான் ஒதறிட்டுக் கொளுத்தினேன்.”

அவள் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேவானந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் பாவத்தை அக்கா கை சுமக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அது மட்டுமா, ரங்கம்மாளைக் காப்பாற்றிய நல்லவனாகவும் நிற்கிறான். ஒரு கிழவி அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். “படிச்ச புள்ள, ஒரு வார்த்தையில ஞாயம் சொல்லிட்டான்.”

அந்தத் திருஷ்டி கழித்த விரல்கள் அவனுக்குச் சூடு வைத்தது போல இருந்தன.

“போய்க் கூட்டியாங்க அதை,” என்றாள் ஜெயபுஷ்பம் புருஷனிடம். “நான் அது கால்ல விழறேன்.”

தானியேல் நாடாவின் முனையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்து, மறுபடி அதைப் பிடித்துக்கொண்டான்.

“இல்ல. கதவக் கயித்தால கட்டியிருக்குது. விடியாலயே மூட்டையோட போச்சாம்.”

“எங்க?”

“யாருகிட்டயும் சொல்லல. சொல்லுறதுக்கு யாரு மொகம் குடுத்தாங்க?”

தானியேல் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசியது போதுமாக இருந்தது. தெரு தலையைக் குனிந்தது.

அந்த நேரம் பார்த்து, சாக்கடைக்கு அப்பாலிருந்து வேலாயுதம் கூவினார். உள்ளே வர மனசில்லாதவர் கூவித்தானே ஆக வேண்டும்? கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முகம் மலர, நல்ல கணீர்க் குரலில் கூவினார்.

“என்னப்பா தேவானந்தம்! இன்னும் மொத வீடேவா? சுருக்கா முடி! சொல்ல மறந்துட்டேன், சேர்மன் காலையில கையெழுத்துப் போட்டுட்டாரு. உன் வேலை பர்மனெண்டு!”

தேவானந்தம் கையை அசைத்தான். போதும், போதும் என்று அசைத்தான். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

“எனக்கு என்னத்துக்குய்யா கும்பிடு! எல்லாம் உன் சாமர்த்தியம்! நீ மட்டும் அன்னிக்கு அந்த ஓலை சமாசாரத்தச் சொல்லலேன்னா, இத்தனை வீட்டு வரியும் இன்னும் பத்து வருஷத்துக்கு அம்பேல்! பொறந்த தெருன்னும் பாக்காம சொன்னே பாரு, அதான்யா உத்தியோக தர்மம்!”



தானியேல் கையிலிருந்த நாடாவின் முனையை விட்டான். எறியவில்லை. விரலைத் திறந்தான், அவ்வளவுதான். அது சுவரோரம் புழுதியில் விழுந்து கிடந்தது.

கன்னத்தை வழித்த கிழவி முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா...” என்றான் தேவானந்தம்.

ஜெயபுஷ்பம் எழுந்தாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். வாசலில் நேராக நின்றாள். மேஸ்திரிக்கு முன்னால் கூலிக்கு நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

“எழுதிக்கோங்க சார். வீட்டுக்காரி பேரு ஜெயபுஷ்பம். புருஷன் பேரு தானியேல். ஓட்டு வீடு. ஒரு வாசப்படி, ஜன்னல் இல்ல.”

“அக்கா, நான் வேணும்னு...”

“கொழந்த ரெண்டு. கெணறு இல்ல. வேற இன்னா கேக்கணும் சார்?”

டேய் என்பாள். தேவா என்பாள். கோபம் வந்தால் நாயே என்பாள். இந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் அவனை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டதில்லை. செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுதினான். என்ன செய்வது என்று தெரியாமல் எழுதினான். ‘ஓட்டு வீடு’ என்ற இடத்தில் பென்சில் முனை முறிந்தது.

அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

“எங்க போறே?” என்றான் தானியேல்.

“கெழவியத் தேடி.”

*

அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் போனான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடத்தான் முடியவில்லை. வேலாயுதம் “அடே, எங்கப்பா கிளம்பிட்டே?” என்று கத்தியதற்கு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோடு என்று பெயர் பண்ணியிருந்த அந்த வழியில் வண்டிச் சக்கரங்கள் அரை முழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தன. ஜெயபுஷ்பம் ஒரு பள்ளத்தில் கால் மடங்கித் தடுமாறினாள். அவன் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் தரையை ஊன்றி எழுந்து நடந்தாள்.

ஊர் எல்லையில் சுங்கச்சாவடி. திருப்பத்தூருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். குத்தகைக்காரர் வாஹித் பாஷா கட்டிலில் உட்கார்ந்து, ஆவாரம் பட்டை ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரனோடு ஓரணாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“பாய்,” என்றாள் ஜெயபுஷ்பம். “ஓலை விக்கிற ரங்கம்மா இந்தப் பக்கம் போச்சா? கையில மூட்ட இருக்கும்.”

“வந்தாங்கம்மா, காலையில. மூட்டைய இங்க வெச்சிட்டு ஒரு சொம்புத் தண்ணி கேட்டுக் குடிச்சாங்க. ரெண்டு சொம்பு குடிச்சாங்க.”

ஜெயபுஷ்பம் அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“திருப்பத்தூர் ரோட்டுல போச்சா?”

“எங்க போச்சி! நானும் அப்படித்தான் நெனச்சேன். மூட்ட இதோ கட்டிலுக்கு அடியில கெடக்குது. ‘பாய், சேர்மன் வூடு எந்தத் தெரு’ன்னு கேட்டாங்க. அரே, அந்தத் தெருவுல உங்க ஆளுங்கள நடக்கவே விடமாட்டானுங்க, பேஜாராயிடும், போகாதீங்கன்னு நான் தலப்பாடா அடிச்சிக்கினேன். ‘நான் சொன்னேனான்னு அவரு வாயால கேட்டுட்டு வந்துடறேன், அப்புறம் எங்க வேணா போறேன்’னு போய்ட்டாங்க.”

“எப்போ?”

பாய் வெயிலை அண்ணாந்து பார்த்தார். அது உச்சியைத் தாண்டியிருந்தது.

“அது ஆச்சி ஆறு மணி நேரம். இன்னும் திரும்பல.”

ஜெயபுஷ்பம் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த மூட்டையை இழுத்தாள். ஓலை அறுக்கிற கத்தியின் பிடி அதன் வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பிறகு திரும்பினாள். தெருவை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“சேர்மன் வீட்டுக்கு எங்களுக்கு வழி தெரியாது சார்,” என்றாள். “நீங்க முன்னாடி நடங்க.”